முழு கன்டெய்னர் எடுக்கும் அளவுக்குச் சரக்கு இல்லையா? எல்.சி.எல். கேள்வி பதில்கள்

கொஞ்சம் சரக்குதான், கப்பலில் அனுப்ப வேண்டும் என்று வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். சிலர் அனுப்புவதற்கு முன்னால் கேட்கிறார்கள். பலர் சரக்கு போய்ச் சேர்ந்து, கையில் ஒரு பில்லை வாங்கிய பிறகு கேட்கிறார்கள். முன்னால் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்.சி.எல். என்றால் என்ன? கூட்டமாக ஏற்றும்போது எல்லாம் கலந்துவிடாதா?

பல பேருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் ஏற்றி, அவரவர் பிடித்த இடத்துக்கு மட்டும் காசு வாங்குவதுதான் எல்.சி.எல். 'லெஸ் தன் கன்டெய்னர் லோடு' என்பதன் சுருக்கம். ஒருவரே முழுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டால் அது எஃப்.சி.எல்.

கப்பல் நிறுவனங்கள் பொதுவாக இப்படிச் சில்லறையாக இடம் விற்பதில்லை. கன்சாலிடேட்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் கப்பல்காரரிடம் முழு கன்டெய்னராக எடுத்து, உள்ளே இருக்கும் இடத்தைக் கன மீட்டர் கணக்கில் பிரித்து விற்பார். நீங்கள் பேசுகிற ஃபார்வர்டர் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் முகவர்) அவரிடம் வாங்கி உங்களுக்குத் தருகிறார். அதாவது உங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு கை இருக்கிறது.

கலந்துவிடுமா என்றால், உங்கள் அட்டைப்பெட்டியில் குறி சரியாக இருந்தால் கலக்காது. குறி என்பது அனுப்புநர், பெறுநர், சேரும் துறைமுகம், '3/12' என்பது போன்ற பெட்டி எண். இதை இரண்டு பக்கமாவது ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், கிடங்கில் அந்தப் பக்கம்தான் சுவரைப் பார்த்து நிற்கும்.

ஆள் சேரும்வரை சரக்கு காத்துக்கிடக்குமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆள் நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று நிற்கிற வண்டி மாதிரி அல்ல இது. போக்குவரத்து அதிகமுள்ள பாதையில் நல்ல கன்சாலிடேட்டர் வாரத்துக்கு ஒரு கப்பல் என்று குறித்து வைத்து, பெட்டி நிறையாவிட்டாலும் அனுப்பிவிடுவார். ஆள் குறைந்த பாதையில்தான் 'அடுத்த வாரம் போகும்' என்ற பேச்சு வரும். அதனால் கேட்க வேண்டியது 'எத்தனை நாள் ஆகும்' என்பதை மட்டுமல்ல. 'இந்தத் துறைமுகத்துக்கு நேரடியாகக் கன்டெய்னர் போடுகிறீர்களா, நடுவில் பிரிக்கிறீர்களா' என்றும் கேளுங்கள். நேரடிப் பெட்டி இல்லாத இடங்களுக்குப் போகும் சரக்கைச் சிங்கப்பூர், கொழும்பு, துபாயின் ஜெபல் அலி போன்ற இடங்களில் இறக்கி, வேறு பெட்டியில் மாற்றி ஏற்றுவார்கள். அங்கே ஒரு வாரம் போனாலும் போகும். உங்கள் அட்டைப்பெட்டிக்கு இன்னொரு முறை அடி விழுகிற வாய்ப்பும் அங்கேதான்.

மொத்தம் எத்தனை நாள் கணக்கு வைக்கலாம்?

கப்பல் ஓடும் நாளை மட்டும் எண்ணாதீர்கள். கப்பல் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே சரக்கு சி.எஃப்.எஸ். கிடங்குக்கு (கன்டெய்னரில் சரக்கை ஏற்றும், பிரிக்கும் இடம்) போய்ச் சேர வேண்டும். அதற்குக் கட்-ஆஃப் என்று ஒரு நாள் இருக்கும், ஒரு மணி நேரம் தாண்டினாலும் அடுத்த கப்பல்தான். அந்தப் பக்கம் கப்பல் வந்த பிறகு பெட்டியைத் துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு இழுத்து, திறந்து, பிரித்து வைக்க இன்னும் சில நாள் ஆகும். இரண்டு பக்கமும் சேர்த்து முழு கன்டெய்னரைவிட ஒன்று முதல் இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. திருவிழா, கண்காட்சி என்று தேதி குறித்த வேலைக்கு எல்.சி.எல். அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கே வயிறு கலங்கும்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இடம் அல்லது எடை, இரண்டில் எது அதிகமோ அதற்கு. கடல் வழியில் 1 கன மீட்டரும் 1,000 கிலோவும் சமம். 0.8 கன மீட்டர் இரும்புச் சாமான் 1,400 கிலோ இருந்தால் 1.4-க்குக் கட்ட வேண்டும். துணி, பிளாஸ்டிக், நாற்காலி போன்றவற்றுக்கு எடை ஒரு பொருட்டே அல்ல, இடம்தான் காசு. பெரும்பாலோர் குறைந்தபட்சமாக 1 கன மீட்டருக்கு வாங்குவார்கள். உங்கள் சரக்கு 0.3 என்றாலும் 1-க்குத்தான் பில்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 × 45 × 40 செ.மீ. அளவில் 12 அட்டைப்பெட்டி. ஒன்று 0.108 கன மீட்டர், மொத்தம் 1.296. நீங்கள் இதை எழுதிக் கொடுத்து விலையும் வாங்கிவிட்டீர்கள். ஆனால் பெட்டிக்குள் அழுத்தி அழுத்தித் திணித்ததில் ஒவ்வொன்றும் வயிறு புடைத்து, பக்கத்துக்கு 3 செ.மீ. கூடிப்போய்விட்டது. கிடங்கில் டேப் பிடிப்பவர் புடைத்த இடத்தில்தான் பிடிப்பார். 63 × 48 × 43. மொத்தம் 1.56. ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, உள்ளே ஒரு குண்டூசி கூடச் சேர்க்காமலே.

சரி, இதே பெட்டிகளைப் புடைப்பில்லாமல் ஒரு பேலட்டில் (ஃபோர்க்லிஃப்ட் தூக்க வசதியான சரக்குத் தட்டில்) அடுக்கினால்? 120 × 100 பேலட்டில் ஓர் அடுக்குக்கு நான்கு பெட்டி, மூன்று அடுக்கு. பேலட்டின் உயரத்தையும் சேர்த்து 135 செ.மீ. கணக்கு 1.62-க்குப் போகிறது. 45-ஐ இரண்டாக வைத்தால் 90 தான் வருகிறது, மீதி 10 செ.மீ. காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். பேலட் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேலட்டின் அளவுக்கு ஏற்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். 60 × 50 பெட்டி என்றால் மீதமில்லாமல் உட்காரும்.

கப்பல் கட்டணம் கொஞ்சம்தான் என்றார்கள். அங்கே போன பிறகு ஏன் இவ்வளவு பெரிய பில்?

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். எல்.சி.எல்.லுக்கென்றே சொன்னது போல இருக்கும். இந்தத் தொழிலில் அதிகமாகக் கசப்பு உண்டாக்குவது இந்த ஒரு விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலைத் தாண்டுவது செலவில் ஒரு பகுதி மட்டுமே. சேரும் இடத்தில் துறைமுகத்தில் பெட்டியைக் கையாளும் கட்டணம், கிடங்குக்கு இழுக்கும் வாடகை, பிரித்து வைக்கும் கூலி, டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் அனுமதிச் சீட்டு) கட்டணம், ஆவணக் கட்டணம் என்று வரிசையாக வரும். இவற்றில் சில கன மீட்டர் கணக்கு, சில ஒருவர் சரக்குக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. சரக்கு சிறிதாக இருக்கும்போது இந்த நிலையான தொகைதான் கழுத்தை நெரிக்கும். 1 கன மீட்டருக்கும் 5 கன மீட்டருக்கும் டெலிவரி ஆர்டர் ஒன்றுதானே!

இன்னொன்றும் நடக்கிறது. சில பாதைகளில் கன்சாலிடேட்டர்களுக்குள் போட்டி அதிகமாகி, கடல் கட்டணத்தைச் சுழியத்துக்கே இறக்கிவிடுவார்கள். சரக்கைக் கொண்டுவந்து தரும் ஏஜென்டுக்குக் கையில் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அந்த நஷ்டத்தை எங்கே எடுப்பார்கள்? மறுகரையில், பெறுநரிடம். அவருக்குப் பேரம் பேச வழியே இல்லை. சரக்கு அவர்கள் கிடங்கில் இருக்கிறது, பணம் கட்டினால்தான் டெலிவரி ஆர்டர். நாள் கடந்தால் அதற்கும் வாடகை.

விற்பவர் 'கப்பல் கட்டணம் என் பொறுப்பு' என்று சி.ஐ.எஃப். விலையில் (பொருள் விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கட்டணம் எல்லாம் சேர்த்து) தரும்போது இது பெரும்பாலும் மாட்டும். அவர் தன் செலவு குறைகிற ஏஜென்டைத் தேர்ந்தெடுப்பார். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குறைவின் விலையைக் கட்டுவது வாங்குபவர்.

என்ன செய்யலாம்? விலை கேட்கும்போதே சேரும் இடத்துக் கட்டணங்களையும் வரி வரியாக எழுத்தில் வாங்குங்கள். 'அங்கே உள்ளபடி' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு விலைகளை ஒப்பிடும்போது கடல் கட்டணத்தைப் பார்க்கவே வேண்டாம். இங்கே கிடங்கு வாசலில் தொடங்கி அங்கே கிடங்கு வாசல்வரை மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். நீங்கள் வாங்குபவராக இருந்தால், முடிந்தவரை கப்பல் ஏற்பாட்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எஃப்.ஓ.பி. என்று போட்டுக்கொள்ளலாமா?

பழக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் எஃப்.ஓ.பி.யில் ('ஃப்ரீ ஆன் போர்டு') சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் பொறுப்பு கை மாறும். எல்.சி.எல். சரக்கை விற்பவர் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு கப்பல் ஏறும்வரை என்ன நடந்தாலும் அவர் பார்வையில் இல்லை, பொறுப்பு மட்டும் அவர் தலையில். விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி கன்டெய்னர் சரக்குக்குப் பொருந்துவது எஃப்.சி.ஏ. ('ஃப்ரீ கேரியர்', குறித்த இடத்தில் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறும்) தான். கிடங்கின் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டால் யார் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதில் சண்டை வராது.

எந்த அளவுக்கு மேல் முழு கன்டெய்னரே எடுத்துவிடலாம்?

20 அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். ஆனால் நடைமுறையில் 25 முதல் 28 வரைதான் ஏறும். 12, 13 கன மீட்டர் தாண்டியதும் இரண்டு விலையும் வாங்கிப் பாருங்கள். பாதிப் பெட்டி காலியாகப் போனாலும் முழுசாக எடுப்பது மலிவாக முடிகிற பாதைகள் உண்டு. உடையக்கூடிய பொருள் என்றால் 10-லேயே யோசிக்கலாம். முழு கன்டெய்னரில் உங்கள் இடத்தில் போட்ட முத்திரைப் பூட்டு (சீல்) பொதுவாக வாங்குபவர் இடத்தில்தான் உடைபடும். எல்.சி.எல்.லில் உங்கள் சரக்கை ஃபோர்க்லிஃப்ட் குறைந்தது நான்கு முறை தூக்கி வைக்கும்.

மறுமுனையில், 100, 150 கிலோ சரக்கு என்றால் விமான விலையையும் கேளுங்கள். அங்கே 1 கன மீட்டரை 167 கிலோவாகக் கணக்கிடுவார்கள். கனமான சிறிய பொருளுக்கு, நிலையான தொகைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

எப்படி பேக் செய்ய வேண்டும்?

உங்கள் பெட்டிக்கு மேல் ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவருடைய சரக்கு உட்காரப் போகிறது என்று நினைத்துக்கொண்டு பேக் செய்யுங்கள்.

கன்சாலிடேட்டர்கள் பெரும்பாலும் விரும்புவது 40 அடி நீள, உயரம் கூடிய 'ஹை கியூப்' கன்டெய்னர். உள்ளே சுமார் 2.69 மீட்டர் உயரம். உங்கள் 40 செ.மீ. பெட்டி அடியில் இருந்தால் அதன் மேல் இன்னும் ஐந்து அடுக்கலாம். 18 கிலோ வீதம் 90 கிலோ. மேலே ஏறுவது உங்கள் பெட்டியாகவே இருந்தால் இந்தக் கணக்கு. வேறொருவருடைய பம்ப் செட் ஏறினால்? 'மேலே எதுவும் வைக்காதீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். உண்மையிலேயே வைக்கக் கூடாது என்றால் முன்கூட்டியே சொல்லி, மேலே வீணாகும் இடத்துக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டியிருக்கும். வெறும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

அப்புறம் ஈரம். கன்டெய்னர் கடலில் பகலில் காய்ந்து இரவில் குளிரும். உள்ளே இருக்கும் ஈரக் காற்று கூரைத் தகட்டில் வியர்த்துச் சொட்டும். இதைக் கன்டெய்னர் மழை என்றே சொல்வார்கள். ஈரம் குடித்த அட்டையின் பலம் வெகுவாகக் குறையும், அடியில் இருக்கிற பெட்டி மெல்ல உட்கார்ந்துவிடும். இரட்டைச் சுவர் அட்டை, உள்ளே பாலித்தீன் உறை, சிலிக்கா ஜெல் பைகள், பேலட்டைச் சுற்றி ஸ்ட்ரெச் ஃபிலிம், மேலே ஒரு தட்டை அட்டை. இவ்வளவு போதும்.

வாசனையும் ஒரு பிரச்சினைதான். டயர், ரப்பர், தோல், மசாலா எல்லாம் ஒரே இருட்டறையில் மூன்று வாரம் பயணம் செய்யும். துணி, தேயிலை அனுப்புகிறவர்கள் இதைக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லுங்கள்.

மரப்பெட்டி, மர பேலட் போடலாமா?

போடலாம், ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருந்தால். மரத்துக்குள் இருக்கும் பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க வந்த விதி இது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும், அல்லது புகையூட்ட வேண்டும். முத்திரையில் நாட்டுக் குறியீடும் முறையும் இருக்கும். எச்.டி. என்றால் சூடு, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு. புகையூட்டிய மரத்தை ஏற்காத இடங்கள் இருப்பதால் எச்.டி. பாதுகாப்பானது. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை. தெருக்கோடியில் ஆசாரியிடம் பச்சை மரத்தில் அடித்து வாங்கிய பெட்டி, மறுகரையில் எரிக்கப்படும் அல்லது திருப்பி அனுப்பப்படும். கூடவே பக்கத்துச் சரக்குக்காரர்களும் காத்திருப்பார்கள்.

வேறொருவர் செய்த தப்புக்கு என் சரக்கு நிற்குமா?

நிற்கும். ஒருமுறை எங்கள் வழியாகப் போன பெட்டியில் பதினாறு பேருடைய சரக்கு. அதில் ஒருவர் 'வீட்டு உபயோகப் பொருள்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்கேனில் கேள்வி எழுந்து பெட்டியைத் திறந்தால், பாதிக்குப் பாதி பவர் பேங்க். லித்தியம் பேட்டரி என்பது ஐ.எம்.டி.ஜி. (கடல்வழி அபாயச் சரக்குக்கான பன்னாட்டு) விதிப்படி 9-ஆம் வகுப்பு அபாயச் சரக்கு. தனி அறிவிப்பு, தனிப் பேக்கிங், தனிக் குறி எல்லாம் வேண்டும். மற்ற பதினைந்து பேரும் ஏன் என்று கூடத் தெரியாமல் பதினொரு நாள் காத்திருந்தார்கள்.

இதைத் தடுக்க உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. கிடங்கில் எடை போட்டு, அறிவிப்பைச் சரிபார்த்து வாங்கும் கன்சாலிடேட்டரைப் பிடிப்பது ஒன்றுதான். உங்களிடம் அதிகம் கேள்வி கேட்கிறார் என்றால் கோபப்படாதீர்கள், மற்றவர்களிடமும் அப்படித்தான் கேட்டிருப்பார். பெயின்ட், வாசனைத் திரவியம், ஸ்பிரே டப்பா, பசை, பேட்டரி உள்ள பொம்மை இவற்றில் எது இருந்தாலும் புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள். சாதாரண எல்.சி.எல். பெட்டியில் பலர் இவற்றை ஏற்க மாட்டார்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான கப்பல் ரசீது). பொருளையும் நாட்டையும் பொறுத்து மூலச் சான்றிதழ் போன்றவை. சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பின்னால் வருவதை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்கிறது, அதனால் வாங்குபவரிடம் கேட்டு எழுதுங்கள். எடையைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கன்டெய்னர் கப்பலில் ஏறக் கூடாது.

பில் ஆஃப் லேடிங் இரண்டு இருக்கும். கப்பல்காரர் கன்சாலிடேட்டருக்குக் கொடுப்பது மாஸ்டர், அவர் உங்களுக்குக் கொடுப்பது ஹவுஸ். உங்கள் கைக்கு வருவது ஹவுஸ்தான், பயப்பட வேண்டாம். அதில் சரக்கு விவரத்தை மட்டும் கவனியுங்கள். '1 பேலட்' என்று போடாமல் '1 பேலட்டில் 12 அட்டைப்பெட்டி' என்று போடச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

இன்ஷூரன்ஸ் அவசியமா? கப்பல்காரர் பொறுப்பேற்க மாட்டாரா?

ஏற்பார், ஒரு வரம்புக்குள். கப்பல்காரரின் பொறுப்பை வரையறுக்கும், பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளில் ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பில் ஆஃப் லேடிங்கில் '1 பேலட்' என்றிருந்தால் முழு பேலட்டும் ஒரே பொதி. 12 பெட்டி என்றிருந்தால் பன்னிரண்டு பொதி. ஒரு வரி எழுதியதில் வரம்பு பல மடங்கு மாறுகிறது. அந்த வரம்பும் தவறு அவர்களுடையது என்று ஆனால்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? ஆறு நாளில் மீட்டுவிட்டார்கள். ஆனால் கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். ஆபத்திலிருந்து கப்பலைக் காப்பாற்ற ஆன அசாதாரணச் செலவைக் கப்பலும் சரக்குகளும் மதிப்பின் விகிதத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற பழைய கடல் வழக்கம் இது. உங்கள் சரக்குக்குக் கீறல்கூட விழாவிட்டாலும் உங்கள் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் கையில் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்த நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தரும். இல்லாவிட்டால் ரொக்கமாக வைப்பு கட்ட வேண்டும். எல்.சி.எல். பெட்டியில் இருபது பேர் இருந்தால் இருபது பேரிடமும் வாங்க வேண்டும். அந்தக் கப்பலை எகிப்து ஜூலை 7 அன்றுதான் விடுவித்தது.

சி.ஐ.எஃப். விலையில் விற்பவர் எடுத்துத் தரும் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே. ஃபோர்க்லிஃப்ட் குத்தியது, திருட்டு, நனைந்தது போன்றவற்றுக்கெல்லாம் அது பதில் சொல்லாமல் போகலாம். பெரும்பாலான ஆபத்துகளுக்கும் பொருந்தும் 'ஏ' வகை இன்ஷூரன்ஸ் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி நசுங்கி வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். டெலிவரிச் சீட்டில் 'பெட்டி எண் 4, 7 நசுங்கியுள்ளன' என்று எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். பெட்டியின் நான்கு பக்கமும், குறியும் தெரிய, திறப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுங்கள். வெளியே தெரியும் சேதத்தை வாங்கும்போதே சொல்ல வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் சேதத்துக்கு மூன்று நாள் அவகாசம், வழக்குக்கு ஓராண்டு, இதுவும் ஹேக்-விஸ்பி கணக்குதான். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கட்டும்.

சரக்கு எங்கே போகிறது என்று பார்க்க முடியுமா?

முடியும். பெட்டிக்குள் ஏற்றி முடித்ததும் கன்டெய்னர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பெட்டி எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது என்று காட்டும். நடுவில் வேறு பெட்டிக்கு மாற்றினால் எண்ணும் மாறும், புது எண்ணைக் கேளுங்கள். 'பெட்டி இறங்கிவிட்டது' என்று திரையில் வந்த அன்றே லாரியை அனுப்பிவிடாதீர்கள். கிடங்கில் பிரித்து முடித்தோம் என்று தகவல் வரும்வரை அந்த லாரி வாசலில்தான் நிற்கும், அதன் வாடகையும் உங்கள் கணக்கில்.